மண் சரிந்தால் மூன்று நாள்தான்

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரியில் கேட்டி பாலாடா பக்கம் ஒன்றரை ஏக்கரில் கேரட்டும் உருளையும் போடுகிறவன் நான். 2019 ஆகஸ்ட் மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் மேல்தோட்டத்துத் தடுப்புச்சுவர் சரிந்து என் கார்போகக் கேரட் மண்ணுக்குள் போய்விட்டது. சேற்றுக்கு மேலே தழை மட்டும் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தது, கையால் தோண்டினால் கேரட் இரண்டாக உடைந்து வந்தது. பயிர்க் காப்பீடு கட்டித்தான் இருந்தேன். வழி சரியாகட்டும் என்று ஆறாம் நாள் போய்ச் சொன்னேன், கெடு முடிந்துவிட்டது என்றார்கள்.

அந்தக் கெடு 72 மணி நேரம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பைக் கணக்கிட முக்கியமாக இரண்டு வழி உண்டு. வறட்சி, நோய் என்று ஊருக்கே வந்தால் பிர்க்காவில், அதாவது சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவில், சில தோட்டங்களில் மட்டும் அறுவடை செய்து எடை பார்ப்பார்கள், சராசரி குறைந்தால் பதிவு செய்த எல்லோருக்கும் பணம் வரும். ஆனால் மலையில் எதிரெதிர் சரிவே ஒன்றுபோல் விளையாது, பிர்க்கா சராசரியில் என் தோட்டம் எங்கே தெரியும்? அதனால்தான் இரண்டாவது வழியை விடாதீர்கள் என்கிறேன். ஆலங்கட்டி மழை, மண்சரிவு என்று உங்கள் தோட்டத்தை மட்டும் அடித்தால், தனியாக வந்து பார்ப்பார்கள், நீங்கள் மூன்று நாளுக்குள் சொல்லியிருந்தால். 14447க்கு போன் போட்டாலே போதும். அப்புறம் தோட்டத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

காட்டுமாடும் பன்றியும் நாசம் செய்வதை 2026 காரிப் (தென்மேற்குப் பருவமழைக் கால) பருவத்திலிருந்து இந்தக் காப்பீட்டில் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. எந்த விலங்கு, எந்தப் பகுதி என்று மாநில அரசுதான் பட்டியல் போட வேண்டும், கிராமசபையில் எழுந்து கேளுங்கள்.

தோட்டப்பயிருக்கு நம் பங்கு அதிகபட்சம் 5 சதவீதம், 60,000 ரூபாய்க்குக் காப்பீடு என்றால் 3,000 ரூபாய். மேட்டுப்பாளையம் காய்கறிச் சந்தையில் விலை விழுந்தால் இதில் ஒன்றும் வராது, அது வேறு கதை.

உங்கள் பயிர் உங்கள் பிர்க்காவுக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறதா, கடைசித் தேதி என்ன என்று தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் அடங்கலை, அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கை, ஒரு தடவை வாசியுங்கள். தோட்டத்தில் கேரட் நிற்க, என் அடங்கலில் போன வருடத்து உருளையே இருந்தது, அதைத் திருத்தி வாங்க நாலு நடை நடந்தேன்.