50 ஜிபி அரங்கேற்ற வீடியோ யூட்யூப்ல ஏறுமா?

அடுத்து, நங்கநல்லூர்லேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. "தம்பி, பொண்ணு அரங்கேற்றம் ரெண்டரை மணி நேரம், 4கே-ல எடுத்தது. ஃபைல் 50 ஜிபி. யூட்யூப்ல போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. ஒரு ஜிபிக்குள்ள சுருக்கணுமா?"

ஐயோ, வேண்டாம்மா! யூட்யூப் 256 ஜிபி இல்லேன்னா 12 மணி நேரம், இதுல எது கம்மியோ அதுவரைக்கும் விடும். உங்க 50 ஜிபி அதுக்கு ஒரு சுமையே இல்ல. ஃபோன் நம்பர் வெரிஃபை பண்ணாத அக்கவுன்ட்டுக்கு 15 நிமிஷம்தான் கணக்கு. உங்களுக்கு அனேகமா அங்கதான் இடிக்குது. யூட்யூப் ஸ்டுடியோன்னு, உங்க சேனலைப் பாத்துக்கற பக்கம் இருக்கும், அதோட செட்டிங்ஸ்ல நம்பரைக் கொடுங்க, எஸ்எம்எஸ்ல கோடு வரும், அடிங்க. முடிஞ்சுது.

ஆனா சுருக்கறதைப் பத்திக் கேட்டீங்களே, அது நல்ல கேள்வி. பிட்ரேட்டுங்கறது குழாய்ல தண்ணி வர்ற வேகம் மாதிரி. எவ்ளோ வேகமா வருது, எவ்ளோ நேரம் திறந்து வெச்சீங்க, அதை வெச்சுதான் குடம் நிறையும். உங்க வீடியோ விநாடிக்கு 45 மெகாபிட். ரெண்டரை மணி நேரம்னா 9,000 விநாடி. எட்டு பிட் சேர்ந்தாதான் ஒரு பைட், அதனால பெருக்கி எட்டால வகுத்தா 50 ஜிபி வந்துடும். அதையே ஒரு ஜிபி ஆக்கினா விநாடிக்கு ஒரு மெகாபிட் கூடத் தேறாது. அலாரிப்பு கூடப் பரவாயில்ல, தில்லானால வேகமா சுத்தறப்போ அந்தப் பட்டு விசிறி கட்டம் கட்டமா உடையும். அதுக்கு மேல யூட்யூப் தன் பங்குக்கு இன்னொரு தடவை சுருக்கும்.

நெட்டு மெதுவா இருந்தா மட்டும் ஹேண்ட்பிரேக்னு வீடியோ சுருக்கற சாஃப்ட்வேர்ல, அது இலவசம்தான், 1080பி, பிட்ரேட் விநாடிக்கு 8 மெகாபிட்டுன்னு வைங்க. சுமார் 9 ஜிபி வரும். அப்லோட் ஸ்பீடு 10 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 10 மெகாபிட்னா 50 ஜிபிக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல ஆகும், 9 ஜிபிக்கு ரெண்டு மணி நேரம். டவுன்லோட் ஸ்பீடைப் பார்த்து ஏமாறாதீங்க, நிறைய பேர் அதைத்தான் பாக்கறாங்க. எனக்கு ஒரு தடவை ஆடிக் காத்துல கரண்ட் போய் 90 சதவீதத்துல நின்னுடுச்சு. நல்லவேளை, 24 மணி நேரத்துக்குள்ள அதே ஃபைலைக் கொடுத்தா விட்ட எடத்துலேர்ந்து ஏறும்.

வாட்ஸ்அப்ல சொந்தக்காரங்களுக்கு முழுசா அனுப்ப நினைக்காதீங்க. டாக்குமென்ட்டா போட்டாலும் 2 ஜிபி தான் எல்லை. யூட்யூப்ல அன்லிஸ்டட்னு, அதாவது லிங்க் இருக்கறவங்க மட்டும் பாக்கற மாதிரி வெச்சு, லிங்க்கை அனுப்பிடுங்க.

அப்புறம்மா, யூட்யூப்ல ஏத்தியாச்சேன்னு ஒரிஜினலை அழிச்சுடாதீங்க. ஸ்டுடியோல டவுன்லோட் கொடுத்தா அதிகபட்சம் 720பி தான் கிடைக்கும். ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைங்க. பழைய பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் உள்ள போகாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்திட்டுக் காப்பி பண்ணுங்க. மாத்தறதுக்கு முன்னாடி அதுல இருக்கற பழைய ஃபோட்டோவை எடுத்துடுங்கம்மா, எல்லாம் போயிடும்.