எலும்புச் சாம்பலில் பிறந்த வெண்மை

எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கோப்பையை விளக்குக்கு நேரே பிடிக்கிறேன், பாருங்கள். பின்னால் என் விரல்களின் நிழல் தெரிகிறதா? இதுதான் போன் சைனா. நம் வீடுகளில் கண்ணாடி அலமாரியில் வைத்து, விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே எடுக்கிற சாமான். இதன் மண்ணில் சரிபாதி மாட்டெலும்புச் சாம்பல்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் 1733-ல் பிறந்தவர் ஜோசையா ஸ்போட். ஆறு வயதில் அப்பாவை இழந்தவர். 1749-ல் தாமஸ் வீல்டன் என்ற குயவரிடம் தொழில் பழகப் போனார். 1776-ல் ஸ்டோக் ஊரில் ஒரு பட்டறையைச் சொந்தமாகவே வாங்கிவிட்டார். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் நீல மையால் எடுத்து, பாண்டத்தில் ஒட்டி, அதன்மேல் மெருகு பூசிச் சுடும் முறையை 1784 வாக்கில் அவர் செம்மைப்படுத்தினார். ஒவ்வொரு தட்டிலும் ஓவியர் கையால் வரைய வேண்டிய செலவு மிச்சம். சாதாரணக் குடும்பங்களும் சித்திரத் தட்டில் சாப்பிட முடிந்தது. எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது இதனால்தான்.

சரி, எலும்புக்கு வருவோம். லண்டனை அடுத்த போ என்ற இடத்தில் 1740-களிலேயே களிமண்ணில் எலும்புச் சாம்பல் கலந்து பார்த்தார்கள். அதற்கு நிலையான பக்குவம் கண்டவர் ஸ்போடின் மகன், இரண்டாம் ஜோசையா. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில். சாம்பல் பாதி, கார்ன்வால் பகுதியின் வெண்களிமண் கால், அதே பகுதியின் கல்தூள் கால். பின்னாளில் இங்கிலாந்து முழுக்கப் போன் சைனாவுக்கு இந்த அளவே அடிப்படை ஆனது.

ஆனால் சூளையில் 1,200 டிகிரிக்கு மேல் சுடும்போது இந்த மண் இளகிக் கோணிப்போகும். அதற்காக ஸ்டாஃபர்ட்ஷயர் பட்டறைகளில் பாண்டங்களைச் சக்கிமுக்கிக் கல்தூளில் புதைத்துச் சுட்டார்கள். சுட்டு எடுத்த பின் ஒட்டியிருக்கும் தூளை பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பது பெண்களின் வேலை. நாள் முழுக்க அந்தத் தூசியைத்தான் அவர்கள் மூச்சாக இழுத்தார்கள். நுரையீரல் இறுகி, இருமி இருமி, வயதாகும் முன்பே பலர் இறந்தார்கள். வெள்ளைக் கோப்பையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைப்பு வருகிறது. பிறகு அந்தக் கல்தூளுக்கு மாற்றாக அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடுத் தூள் வந்தது. 1947-ல் சட்டம் சக்கிமுக்கிக் கல்தூளில் புதைத்துச் சுடுவதைத் தடை செய்தது. நூற்றைம்பது வருஷம் கழித்து!

ஸ்போட் நிறுவனம் 1833-லேயே கோப்லேண்ட் குடும்பத்தின் கைக்குப் போனது. 2008-ல் நொடித்துப்போய், ஸ்டோக்கின் பழைய தொழிற்சாலையை மூடினார்கள். மறு ஆண்டு போர்ட்மீரியன் நிறுவனம் ஸ்போட் பெயரை வாங்கியது. 1816-ல் வந்த 'புளூ இத்தாலியன்' நீலச் சித்திரத் தட்டுகள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் செதுக்கிய செப்புத் தகடுகள் ஆயிரக்கணக்கில் ஸ்டோக்கிலேயே பத்திரமாக இருக்கின்றன.