பிறவிப் பிழையா, பிறகு பட்ட அடியா?

எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவோ பெரியம்மாவோ சேர்த்து வைத்த நாணயப் பெட்டி கைக்கு வந்திருக்கிறது. உள்ளே ஒன்றிரண்டு காசுகள் கோணலாக இருக்கின்றன. "இது எரர் காயின் (நாணயச்சாலையிலேயே பிழையாக உருவான காசு), நல்ல விலைக்குப் போகும்" என்று யாரோ ஆசை காட்டியும் விட்டார்கள்.

விலையை அப்புறம் பார்க்கலாம். அந்தக் கோணல் நாணயச்சாலைக்குள் நேர்ந்ததா, வெளியே வந்த பிறகு நேர்ந்ததா? உள்ளேதான் என்றால், தயாரிப்பில் எந்தக் கட்டத்தில் என்று சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அது பெரும்பாலும் அடிபட்ட காசுதான்.

தயாரிப்பு எளிமையானது. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். விளிம்பை அழுத்தி மேடாக்குகிறார்கள். பிறகு ஒரு வளையத்துக்குள் வில்லையை வைத்து, மேலும் கீழும் இரண்டு அச்சுகளால் அடிக்கிறார்கள். வில்லையில் தவறலாம், அச்சில் தவறலாம், அடிக்கும்போது தவறலாம்.

வில்லையை வெட்டும் கருவி, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் விழுந்தால் பிறைபோல ஒரு துண்டு குறையும். அப்போது நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே மேடு மங்கியிருக்கும். ஒரு பக்கம் உலோகம் இல்லாததால் எதிர்ப்பக்கத்தில் போதிய அழுத்தம் விழுவதில்லை. இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். அரம் வைத்து ராவிப் போலிப் பிறை செய்தவருக்கு இந்த மங்கலையும் செய்யத் தோன்றாது.

வேறு உலோகத்தில் அடித்ததற்குப் புகழ்பெற்ற உதாரணம், 1943ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட். போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த, துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். ஆனால் பழைய வெண்கல வில்லைகள் சில இயந்திரத்துக்குள் போய்விட்டன. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுவது அப்புறம் வந்த கலை. காந்தம் இழுத்தால் முலாம். இழுக்கவில்லை என்றாலும் உடனே துள்ள வேண்டாம்: 1948ஆம் ஆண்டு சென்ட்டின் எட்டைச் செதுக்கி மூன்றாக்கியவர்களும் உண்டு.

அதிகம் குழப்புவது இரட்டை எழுத்து. அச்சைச் செய்யும்போதே உருவம் இரண்டாம் முறை சற்று விலகிப் பதிந்தால், அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இரட்டிப்பு இருக்கும். 1955இன் அமெரிக்க சென்ட் இப்படிப்பட்டது. ஆண்டு எண்ணும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். ஆனால் அடிக்கும் நொடியில் அச்சு லேசாக அசைந்தாலும் இரட்டை போலத் தோன்றும். அதை இயந்திர இரட்டிப்பு என்பார்கள். மதிப்பு ஏறக்குறைய இல்லை. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அச்சுப் பிழையில் இரண்டாவது எழுத்தும் உருண்டு திரண்டிருக்கும், முனைகள் பிளந்திருக்கும். அசைவினால் வந்தது தட்டையாக, எழுத்தைச் சீவித் தள்ளிய படிக்கட்டு போல இருக்கும். என் அனுபவத்தில் "இரட்டை" என்று காட்டுபவை அநேகமாக இந்த ரகம்தான்.

அச்சு மாறிய கதையும் உண்டு. 2008இல் பிரிட்டன் 20 பென்ஸை மாற்றியபோது, ஆண்டு எண் பூப் பக்கத்திலிருந்து தலைப் பக்கத்துக்குப் போனது. பழைய தலை அச்சையும் புதிய பூ அச்சையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். ஆண்டே இல்லாத காசு வெளியே வந்தது.

அடிப்பதில் தவறினால் உருவம் ஓரமாக விலகும். அல்லது முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் தன் உருவத்தைக் குழிவாக, இடவலம் மாறிப் பதிக்கும். இரண்டு காசுகளை வைஸில் (பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) வைத்து நெருக்கினாலும் இதே தோற்றம் வரும். ஆனால் அதில், நசுங்கிய பழைய உருவம் அடியில் எட்டிப் பார்க்கும். இருபுறமும் தலை என்றால் முதலில் விளிம்பின் உட்புறத்தில் இணைப்புக் கோட்டைத் தேடுங்கள். அநேகமாக மாயவித்தைக்காரர் காசு.

நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்குங்கள். நாணயச்சாலை அறிவித்த எடையோடு ஒப்பிட்டாலே பாதிச் சந்தேகம் தீரும். புளியோ பற்பசையோ போட்டுத் தேய்க்காதீர்கள். மேற்பரப்பு போனால் ஆதாரமும் போயிற்று. பிவிசி பிளாஸ்டிக் உறைகளிலிருந்து காசுகளை எடுத்துவிடுங்கள், நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். பெரியவர்கள் எழுதி வைத்த துண்டுச் சீட்டுகளை மட்டும் அந்தந்தக் காசோடு அப்படியே வைத்திருங்கள். எங்கே, எப்போது கிடைத்தது என்பதை லென்ஸ் காட்டாது.