முறையிடுகிற விசுவாசம்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

பாடு அனுபவிக்கிற ஒரு விசுவாசியின்மேல் இரண்டு பாரங்கள் ஏறுகின்றன. ஒன்று, நோயோ, இழப்போ, அநீதியோ தருகிற வேதனை. மற்றொன்று, அந்த வேதனையிலும் கலங்காதவராகத் தோன்ற வேண்டும், கேட்கிறவர்களுக்கெல்லாம் "கர்த்தர் நல்லவர்" என்று உடனே சொல்லிவிட வேண்டும் என்ற கட்டாயம். முதல் பாரத்தை யாரும் விரும்பிச் சுமத்துவதில்லை. இரண்டாவதைச் சுமத்துகிறவர்கள் பெரும்பாலும் நாம்தான். வேதம் அதை எந்த இடத்திலும் கேட்கவில்லை என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபுவை எடுத்துக்கொள்வோம். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்ற வார்த்தைகளை அடக்க ஆராதனைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவை முதல் அதிகாரத்தில் இருக்கின்றன. யோபுவின் புத்தகத்திற்கு 42 அதிகாரங்கள் உண்டு. உள்ளங்கால் தொடங்கி உச்சந்தலைவரை கொடிய பருக்களோடு, ஒரு ஓட்டை எடுத்துத் தன்னைச் சுறண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருந்த அந்த மனிதன், மூன்றாம் அதிகாரத்தில் வாய் திறந்து தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதன்பின் அவன் வழக்காடுகிறான், ஏன் என்கிறான், தேவனை எங்கே கண்டுபிடிப்பேன் என்று தேடுகிறான், மரணத்தை விரும்புகிறான். "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" என்று சொல்கிற அதே வசனத்திலேயே, தன் வழிகளை அவருக்கு முன்பாக எடுத்துரைத்து வாதாடுவேன் என்றும் சொல்கிறான். நம்பிக்கையும் வழக்கும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. நாம் முதல் பாதியை மட்டும் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டோம்.

முடிவில் தேவன் யாரைக் கடிந்துகொண்டார்? அவரைப் பாதுகாத்துப் பேசுவதாக எண்ணி, குற்றம் செய்யாதவனுக்கு இப்படி நேராது என்று அதிகாரம் அதிகாரமாகப் போதித்த நண்பர்களையே கடிந்துகொண்டார். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்பது அவருடைய தீர்ப்பு. யோபுவிடமும் தேவன் பேசினார், அவனைத் தாழ்த்தினார், உண்மைதான். ஆனாலும் அவனுடைய புலம்பலை அவிசுவாசம் என்று அவர் எண்ணவில்லை.

சங்கீதங்களிலும் இதுவே நிலை. 150 சங்கீதங்களில் முறையீடுகளின் பங்கு மிகப் பெரியது. அவற்றில் அநேகம் கண்ணீரில் தொடங்கித் துதியில் முடிகின்றன. 88-ஆம் சங்கீதம் அப்படி முடிவதில்லை. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்குகிற அதில் ஆறுதல் சொல்லும் வரி ஒன்றுகூட வருவதற்கு முன்பே, சிநேகிதரும் தோழரும் விலகிப்போனதைச் சொல்லிச் சங்கீதம் நின்றுவிடுகிறது. ஆராதனையில் பாடும்படி தொகுக்கப்பட்ட புத்தகத்தில் இப்படி ஒரு ஜெபம் இடம்பெற்றிருப்பதை நான் கிருபை என்றே சொல்வேன். ஆறுதல் இன்னும் வந்து சேராத மனிதனும் ஜெபிக்க அதில் வார்த்தைகள் இருக்கின்றன.

நம் ஆண்டவரைப் பாருங்கள். சிலுவைக்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில் அவர் வியாகுலப்பட்டார். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று மூன்று சீஷர்களிடம் மறைக்காமல் சொன்னார். தம்மோடு விழித்திருக்கும்படி அவர்களைக் கேட்டார். கல்லெறி தூரத்தில் முழங்கால்படியிட்டு, இந்தப் பாத்திரம் நீங்கும்படி ஒருமுறையல்ல, மீண்டும் மீண்டும் வேண்டினார். சிலுவையிலே அவர் கூப்பிட்டது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" தேவகுமாரனே ஏன் என்று கேட்டிருக்க, புற்றுநோய் வார்டில் படுத்திருக்கிற ஒரு தாய் அப்படிக் கேட்கக்கூடாது என்று சொல்ல நாம் யார்?

இதைவிட வேதனையான ஒன்றையும் சொல்ல வேண்டும். "உங்களுக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் சுகம் வரவில்லை" என்று சிலர் நோயாளிகளிடம் சொல்கிறார்கள். இது கொடுமை, வேதத்துக்கும் விரோதமானது. தம் சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்களாலும் கச்சைகளாலும் பிணியாளிகள் சுகமடைந்ததைக் கண்டவர் அப்போஸ்தலனாகிய பவுல். அதே பவுல் தம் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார். அவருடைய மற்றொரு உடன் ஊழியனான எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டிருந்தான். இளம் ஊழியனான தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கும் அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்கும் அவர் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் குடிக்கும்படிதான். மருந்தை நாடுவது அவருக்கு விசுவாசக் குறைவாகத் தோன்றவில்லை. பவுலுக்கும் மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அந்தப் பதிலை அவர் கர்த்தரிடமிருந்து நேராகப் பெற்றார் என்பதைக் கவனியுங்கள். பக்கத்தில் இருந்த, முள் குத்தாத ஒருவர் அவருக்கு அதை எடுத்துச் சொல்லவில்லை.

"உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது" என்ற ரோமர் ஐந்தாம் அதிகார வசனத்தையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். ஒன்று குறைய நாற்பதடியை ஐந்து தரமும், மிலாறு என்னும் கோல்களால் மூன்று தரமும் வாங்கியவர், ஒருதரம் கல்லெறியுண்டவர், மூன்று தரம் கப்பற்சேதத்தில் இருந்தவரான பவுல் எழுதிய சாட்சி அது. பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்றும் அவர்தான் எழுதினார். சுகமாய் இருக்கிறவர் துயரப்படுகிறவரின் கையில் அந்த வசனத்தைக் கொடுத்து, "உங்கள் பாடு உங்களுக்கு நன்மைக்கே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும்போது, வசனம் மாறாவிட்டாலும் அது செய்கிற வேலை மாறிவிடுகிறது.

மிஷனரி சரித்திரத்திலிருந்து ஒருவரைச் சொல்கிறேன். அமெரிக்க மிஷனரியான அடோனிராம் ஜட்சன் 1813-இல் பர்மாவுக்குப் போனார். 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டபோது, அவரை உளவாளி என்று சந்தேகித்து ஆவா நகரில் விலங்கிட்டுச் சிறையில் அடைத்தார்கள். அவர் பர்மிய மொழியில் செய்துவந்த வேதாகம மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து, சிறைக்குள்ளேயே அவரிடம் சேர்த்தவர் மனைவி ஆன். விடுதலைக்குப் பின் வேலை தொடரும் என்று எண்ணியிருந்த வேளையில், 1826-இல் அவர் வெளியூரில் இருந்தபோது ஆன் மரித்தார். ஆறு மாதத்தில் கைக்குழந்தையும் போனது. ஜட்சன் நொறுங்கிப்போனார். காட்டுக்குள் ஒரு குடிசையில் தனித்து வாழ்ந்தார். தனக்காக ஒரு கல்லறையைத் தோண்டி அதன் அருகே உட்கார்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற பொருளில் எழுதினார். இந்தப் பகுதியை விட்டுவிட்டு அவருடைய வெற்றியை மட்டும் சொல்வது எளிது. அவர் அந்த இருளிலிருந்து மெதுவாக மீண்டார். 1834-இல் பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தார். காண முடியவில்லை என்று எழுதிய அந்த நாட்களிலும் அவர் விசுவாசிக்கிறேன் என்ற சொல்லைக் கைவிடவில்லை. அவருடைய சகிப்பை நான் அங்கேதான் காண்கிறேன்.

சகிப்பு என்று சொல்லும்போது ஒரு தெளிவு அவசியம். அடிக்கிற கணவனையும் சுரண்டுகிற எஜமானையும் சகித்துக்கொண்டு கிடக்கும்படி யாருக்கும் சிலுவையின் பேரால் ஆலோசனை சொல்லாதீர்கள். பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணையின்றி அடித்துக் காவலில் போட்ட அதிகாரிகள் மறுநாள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது, நடுராத்திரியில் துதி பாடிய அதே பவுல் போக மறுத்து, அவர்களே வந்து தங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். அவர்களும் வந்தார்கள்.

துயரப்படுகிறவர்களைச் சந்திக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாளும் ஏழு இரவும் அவனோடுகூடத் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான். நீங்களும் உட்காருங்கள். மருந்துச் சீட்டை வாங்கிப் போய் மருந்து வாங்கி வாருங்கள். இரவெல்லாம் விழித்திருக்கிற மகளை நான்கு மணி நேரம் தூங்க அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் இருங்கள். ஜெபிக்கலாமா என்று முதலில் கேளுங்கள். ஜெபித்தால், அவர் சொல்லத் துணியாத கேள்வியை அவருக்காக நீங்கள் தேவனிடம் சொல்லுங்கள். ஜெபக்கூட்டங்களை நடத்துகிறவர்களே, சாட்சி சொல்லும் நேரத்தில், இன்னும் பதில் கிடைக்காதவர்களும் எழுந்து பேச இடம் கொடுங்கள். அவர்கள் பேசி முடித்ததும் அவசரமாக ஒரு வெற்றிப் பாட்டைத் தொடங்கிவிடாதீர்கள். 88-ஆம் சங்கீதத்தைச் சபையாக, கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள்.