ஒற்றைப் பருக்கை
(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, அத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் கோட்டாட்சியர் அவர்களே, பொன்னாடை போர்த்திய தமிழாசிரியர் ஐயா அவர்களே, மைக்செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். விட்டுப்போனவர்கள் பொறுத்தருள வேண்டும். போன வருஷம் ஒருவரை விட்டுவிட்டு ஆறு மாதம் அனுபவித்தேன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். இன்றைய துருக்கியில் ஒரு காலத்தில் பேசி, செத்துப்போன லிடிய மொழியில் ஒரு வினைச்சொல், அதன் இலக்கணம், நாம் செய்ய வேண்டிய காரியம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். செத்த மொழியைப் படிப்பவனுக்குப் பானை கிடைத்தால் யோகம். அனத்தோலியாவில், அதாவது அதே துருக்கிப் பக்கத்தில், ஹிட்டைட் என்ற இன்னொரு பழைய மொழிக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள். 1915இல் ஹ்ரோஸ்னி என்ற செக் அறிஞர் ஒரு வரியில் முட்டிக்கொண்டு நிற்கிறார். 'ரொட்டி' என்பதற்கான சுமேரியக் குறி மட்டும் தெரிகிறது. ரொட்டியை என்ன செய்வார்கள்? சுடலாம். விற்கலாம். விடுதிக் காப்பாளராக இருந்தால் எண்ணி எண்ணிப் பூட்டியும் வைக்கலாம்! பக்கத்தில் 'எஸ்ஸத்தெனி'. ஜெர்மன்காரன் சாப்பிடுவதை 'எஸ்ஸன்' என்கிறான். சரி, 'ரொட்டி தின்பீர்கள்'. அடுத்த சொல் என்ன தெரியுமா? 'வாதர்'! நம்ம ஊர்க் குழந்தைகூடச் சொல்லும், வாட்டர் என்று. 'தண்ணீர் குடிப்பீர்கள்.' மூவாயிரம் ஆண்டுப் பூட்டு ரொட்டியிலும் தண்ணீரிலும் திறந்துகொண்டது.

லிடியனுக்கு அந்தப் பானை இல்லை. கிடைத்த கல்வெட்டுகள் சில நூறைக்கூடத் தொடாது. லிடிய அரசன் குரோசஸின் தலைநகரான சார்டிஸில் ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. ஒரே செய்தி லிடியனிலும், அறிஞர்களுக்கு ஏற்கெனவே படிக்கத் தெரிந்த அரமேய மொழியிலும். லிட்மான் என்ற ஜெர்மன் அறிஞர் 1916இல் வெளியிட்டார். அதில் ஒரு சாபம். 'ஆரா' முற்றம், 'பிரா' வீடு, பிறகு மண், நீர், உடைமை. இவற்றையெல்லாம் எபேசு ஊர் ஆர்ட்டெமிஸ் தேவியும் கொலோவே ஊர் ஆர்ட்டெமிஸ் தேவியும் என்ன செய்வார்களாம்? 'வ்த்ஸ்பக்வேந்த்'. பல்செட் கட்டியவர்கள் வீட்டில் முயன்று பாருங்கள். தமிழைப் போல வினை கடைசியில் வருகிறது. அதற்காக உடனே உறவு கொண்டாடிவிடாதீர்கள்!

அரமேயப் பக்கம் 'சிதறடிப்பார்கள்' என்கிறது. அப்படியானால் பொருள் தெரிந்துவிட்டதா? பெயர்த்தவன் சொல்லுக்குச் சொல் பெயர்த்தானா, தன் மொழியில் வழங்கிய சாபத்தை எழுதிவிட்டானா? அழிப்பதும் சாபம்தான், சிதறடிப்பதும் சாபம்தான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானையே இல்லாமல் பருக்கையை நசுக்கி என்ன பதம் பார்ப்பது? பொருளுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்ட அகராதிக்காரனைத்தான் நான் நம்புவேன்.

அந்தச் சாபம் யார்மேல்? கல்லறையைச் சிதைப்பவன்மேல். நம் கல்வெட்டுகளிலும் 'கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்' என்று இருக்கிறதே! இங்கே ஒரு கோயிலில், பெயர் வேண்டாம், திருப்பணி என்று மணலைப் பீய்ச்சிச் சுவரைப் பளபளப்பாக்கினார்கள். போன மாதம் தடவிப் பார்த்தேன். 'ஸ்வஸ்திஸ்ரீ' விரலுக்கு அகப்பட்டது. அடுத்த வரி வழவழவென்று இருந்தது. அதில் எந்தச் சொல், வேறு எந்தக் கல்லிலும் இல்லாமல், ஒரே ஒருமுறை வந்திருந்ததோ! கோட்டாட்சியர் அவர்கள் குறித்துக்கொள்கிறார்கள், நன்றி.

இலக்கணம் அடுத்த ஆண்டு. நாம் செய்ய வேண்டிய காரியம் இதுதான்: கல்வெட்டுச் சுவரில் மணல் பீய்ச்சாதீர்கள் என்று கேட்கும் மனு வாசலில் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள். பேனாவைக் கட்டித்தான் வைத்திருக்கிறேன்.