சேர்த்த பணமே துணை: கடலூர் பட்டிமன்றத்தில் பேசியது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தப் புழுக்கத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் மஞ்சக்குப்பத்துப் பெரியோர்களே, வணக்கம்.

'முதுமையில் துணை நிற்பது பெற்ற பிள்ளைகளா, சேர்த்த பணமா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் கண்கலங்கப் பேசினார். "காய்ச்சல் வந்தால் பாஸ்புக் எழுந்து வந்து கஞ்சி வைத்துக் கொடுக்குமா?" என்று கேட்டார். கொடுக்காது ஐயா. ஆனால் துபாயில் இருக்கும் மகனும் வீடியோ காலில் கஞ்சி வைக்க முடியாது. வீட்டோடு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்க அந்தப் பாஸ்புக்தான் வேண்டும்.

பிள்ளைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆறு பேர் பிரித்துச் சுமந்ததை இன்று ஒருவனோ ஒருத்தியோ சுமக்கிறார்கள். ஆனாலும் எல்லாரும் பாசமாகவே இருக்கிறார்கள் என்றால், 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் எதற்கு வந்தது? ஆர்.டி.ஓ. ஆபீசில், அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, பிள்ளை மாதாமாதம் பணம் தர உத்தரவு வாங்கலாம். அதிகபட்சம் 10,000 ரூபாய். சரி, அப்படியே தபால் ஆபீசுக்கு வாருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் 30,750 வரும். மாதத்துக்கு 10,250. பெற்ற பிள்ளைமேல் கேஸ் போட்டு வாங்குவதைவிட 250 ரூபாய் அதிகம், மானமும் மிச்சம்!

15 லட்சத்துக்கு எங்கே போவது என்று பின்வரிசையில் யாரோ முனகுகிறார். மகன் கல்யாணத்துக்கு பி.எஃப். பணத்தைத் துடைத்து எடுத்தோமே, அங்கே போய்த் தேடுங்கள்.

வீட்டை மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்கட்டில் ஒதுங்கிக் கிடப்பவர்கள் நம் தெருவிலேயே இல்லையா? பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்ய அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி கொடுத்திருக்கிறது. நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள், "பையன் தப்பா நினைப்பான் சார்" என்பார்கள். அப்படிச் சொல்ல ஒரு பயம் வருகிறதே, அங்கேயே எதிரணி தோற்றாயிற்று.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா, 'தானே' என்ற புயலைப் பேச்சுக்கு இழுத்தார். 2011 டிசம்பர் 30 காலையில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்தனவே, சேர்த்தது நின்றதா என்றார். அந்த மரங்கள்தான் பலருக்குப் பென்ஷன், ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே தோப்பில் வைத்ததுதான் அங்கே வினை. மகசூல் காசில் கொஞ்சம் வங்கியில் கிடந்திருந்தால், புதுக்கன்று காய்க்கும்வரை அடுப்பு எரிந்திருக்கும். அதற்காக ஊர்பேர் தெரியாத ஏலச்சீட்டில் போடாதீர்கள். அந்தப் புயலுக்கு வானிலை எச்சரிக்கைகூட வராது.

சும்மா சேர்த்தாலும் போதாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் செலவு இரண்டு மடங்கு. இன்று 30,000-ல் ஓடும் குடும்பத்துக்கு 24 ஆண்டு கழித்து 1,20,000 வேண்டும். அதனால் சீக்கிரமே தொடங்க வேண்டும். அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் கட்டுகிறார். 40 வயதில் சேர்பவர் 1,454. அறுபதுக்குப் பிறகு இருவருக்கும் மாதம் அதே 5,000 ரூபாய் பென்ஷன்தான். பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று 22 வருஷம் தள்ளிப்போட்டதற்கு விலை அது.

முன்வரிசை அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. வீடு அவர் பேரில், டெபாசிட் அவர் பேரில், நாமினி இடம் காலி. நாளைக்கு வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் படி ஏறப்போவது நீங்கள்தான். இன்றைக்கே வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். எதிரணியில் அடுத்து வருபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். அம்மாவுக்கு 85 வயது. மகனுக்கு 60, போன மாதம்தான் ரிட்டயர் ஆனார், சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. இப்போது இருவருடைய மருந்துச் சீட்டையும் யாரிடம் நீட்டுவது?