கறுப்புக் காரும் ஒரு வாளித் தண்ணீரும்

வணக்கம் நேயர்களே. கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றி அல்ல, "அண்ணை, கறுப்பு எடுக்கவா வெள்ளை எடுக்கவா?" என்றுதான். 2025 பெப்ரவரியில் இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. கறுப்பு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கழுவத் தெரியாத வீட்டில் கறுப்புக் கார் நிற்கக் கூடாது என்பது என் கட்சி.

இரவில் உங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்துக்குப் போய், ஒரு கறுப்புக் காரின் பொனட்டுக்கு மேலே போன் டோர்ச்சைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சப் பொட்டைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். இவற்றைத்தான் ஸ்வேர்ல் மார்க் என்கிறோம். வட்டமாகத் துடைத்ததால் வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன, வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. டோர்ச்சை நகர்த்துங்கள், வட்டமும் கூடவே நகரும்.

கீறல் விழுவது நிறத்தில் அல்ல. இன்றைய கார்களில் பெரும்பாலும் நிறப் பூச்சுக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமே இல்லாத ஒரு படை இருக்கும், சுமார் 40, 50 மைக்ரோன் தடிப்பு, தலைமயிரை விட மெல்லியது. வெள்ளைக் காரிலும் அதே கீறல் விழும். ஆனால் வெள்ளை தானே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் கீறலின் மினுக்கம் அதற்குள் கரைந்துவிடும், சில்வரில் இருக்கும் அலுமினியத் துகள்களும் கண்ணை ஏய்த்துவிடும். கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது, மிஞ்சுவது கீறல் மட்டும். டொயோட்டாவில் 202 என்ற எண்ணுள்ள கறுப்பு இன்னும் மோசம், துணி பட்டாலே கோடு விழும் என்று பெயரெடுத்தது. அந்த எண் பொனட்டுக்கு உள்ளேயோ கதவுச் சட்டத்திலோ ஒரு தகட்டில் இருக்கும், காசு கொடுக்க முன் பாருங்கள்.

சரி, கீறுவது யார்? ரோட்டு அல்ல, நாங்கள்தான். விடியற்காலையில் ஒருவர் வந்து ஒரே வாளி, ஒரே துணியால் வரிசையாக எல்லாக் கார்களையும் துடைத்துவிட்டுப் போவார். முதல் காரின் மண் ஐந்தாவது காரின் கதவில். அவரைக் குறை சொல்லி வேலையில்லை, நாங்கள் கொடுத்ததே அந்த ஒரு வாளிதானே. திரும்பிய பக்கமெல்லாம் கட்டடம் எழும்பும் இந்தக் கொழும்பில், மேலே படிவது சீமெந்தும் மணலும். கடலோர மரைன் டிரைவ் வீதிப் பக்கம் என்றால் கடல் உப்பும் சேரும். அதன்மேல் காய்ந்த துணியையோ இறகுத் தட்டியையோ போட்டு இழுத்தால் அது மண்தாள் தேய்த்த கணக்குத்தான்.

முதலில் தண்ணீரைப் பீச்சி மண்ணை இறக்குங்கள். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கூரையில் தொடங்குங்கள், சில்லுக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் வேறு துணி. கீழே விழுந்த துணியைத் தயவுசெய்து மறுபடி எடுக்காதீர்கள். துடைக்கும்போது மைக்ரோஃபைபர் துவாயை மேலே விரித்து ஒற்றி எடுங்கள். வெயிலில் கழுவ வேண்டாம்.

காகத்தின் எச்சத்தை நகத்தால் சுரண்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஈரத் துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டுவிட்டால் தானே கழன்று வரும். புதுக் காருக்குக் கோயிலில் பூசை முடித்து வைக்கும் சந்தனமும் அப்படித்தான், காய்ந்தபின் கைலேஞ்சியால் தேய்த்தால் முதல் கீறல் அங்கேயே விழுந்துவிடும்.

கட் அண்ட் பொலிஷ், அதாவது மேற்பரப்பைத் தேய்த்து மினுக்கும் வேலை, செய்தால் போய்விடாதா என்று கேட்பீர்கள். போகும், கிளியர் கோட்டை ஒரு படை சுரண்டி எடுப்பதால்தான் போகிறது, அந்தப் படை திரும்ப வளராது. வருடா வருடம் செய்தால் ஒருநாள் நிறமே வெளியே வந்துவிடும். சில இடங்களில் கீறலை எடுக்காமல் எண்ணெய்ப் பசையால் நிரப்பி மினுக்கிக் கொடுப்பார்கள், சில மழைக்குப் பிறகு பழைய கோலம் வந்துவிடும். அதனால் வேலை முடிந்ததும் ஐசோபுரோப்பைல் அல்கஹோலைத் தண்ணீரில் கலந்து பொனட்டில் ஒரு மூலையைத் துடைக்கச் சொல்லுங்கள். நிரப்பிய பசை இருந்தால் அதில் கழன்றுவிடும், பிறகு டோர்ச்சைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.